வெள்ளைக்காரிக்குப் பேர் பவுனு

என் பெயர் பவுனு. அல்லிநகரத்தில் இந்தப் பெயர் தெரியாத ஆள் கிடையாது. நான் பணக்காரியும் இல்லை, பாட்டுக்காரியும் இல்லை. எங்கள் ஊர்க் கொட்டகையில் ஓடிய இங்கிலீஷ் படம் அத்தனையிலும் கதாநாயகிக்குப் பெயர் பவுனு. அந்த வகையில் தெரியும்.

பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டேன். எழுத்தில் வந்தால் குற்றமில்லை. சீனிச்சாமி. தேனி மிளகாய் மண்டியில் ஏலம் கூறுகிற ஆள். மண்டியின் ஒரு கோடியில் நின்று விலையைக் கூவினார் என்றால் மறு கோடியில் படுத்திருக்கிற வண்டிமாடு எழுந்து நின்றுவிடும். அந்தத் தொண்டைக்காகத்தான் கொட்டகை முதலாளி சுயம்புலிங்கம் அவரைப் பிடித்துப்போட்டார். மதுரையிலிருந்து கவ்பாய் படம், கப்பல் சண்டைப் படம் என்று பெட்டி வரும். அதில் பேசுகிறது ஒரு எழவும் யாருக்கும் விளங்காது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர் உண்டு. அந்தச் சுவரை ஒட்டி இவர் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் கேட்கிறாற்போல் கதையைச் சத்தம் போட்டுச் சொல்லுவார். முதல் ஆட்டத்தை வாயை மூடிக்கொண்டு பார்ப்பார். இரண்டாவது ஆட்டத்திலிருந்து கதை ஆரம்பம்.

இவருக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றால், எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். சட்டையில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வருகிறவன் ஏட்டையா. தாடிக்காரன் மொக்கையன். கவுன் போட்டு வருகிறவள் பவுனு. முதல் தடவை இப்படிச் சொன்னபோது வீட்டில் பெரிய ரகளை பண்ணினேன்.

"கண்டவனும் கட்டிப் பிடிக்கிறவளுக்கு எம் பேருதான் கெடச்சுச்சா?"

"வேற பொம்பளப் பேரு எனக்கு வாயில வரல புள்ள" என்றார்.

இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு எவள் கோபமாக இருப்பாள்? மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் மதினி, "ஏண்டி பவுனு, நேத்து ஒன்னயக் குதிரையில தூக்கிட்டுப் போனானாமே, எப்படி ஆத்தா திரும்பி வந்த?" என்றாள். எல்லாரும் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் சள்ளென்று விழுந்தேன். உள்ளுக்குள் சர்க்கரை.

பெயர் மட்டும் இல்லை, பேச்சும் என்னுடையதுதான். முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து அடுப்பங்கரையில் குத்தவைத்துக்கொண்டு, "அவன் போறேங்கிறான். இவ வாசல்ல நிக்கிறா. இந்த எடத்துல அவ என்னடி சொல்லுவா?" என்று கேட்பார். நான் அம்மியில் மிளகாயை வைத்து இழுத்துக்கொண்டே, "போறவன் சோத்தத் தின்னுட்டுப் போகச் சொல்லுங்க. வெறும் வயித்துல குதிரை ஏறினாப் பித்தம் தலைக்கு ஏறிக்கிரும்" என்பேன். அடுத்த ஆட்டத்தில் அது அப்படியே வெள்ளைக்காரி வாயில் வரும். பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். நான் முந்தானையைச் சரிபண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ராணிக்குக்கூட அப்படி ஒரு வாழ்வு வாய்த்திருக்காது.

இதற்குத்தான் எழுபத்திரண்டாம் வருஷம் வந்தது கேடு.

ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு காலேஜ் பையன் ஒரு படத்தில் இவர் கதை சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். "அண்ணே, அவ அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, தங்கச்சி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். கொட்டகையே கொல்லென்று சிரித்துவிட்டது. சுயம்புலிங்கம் அழைத்து, "சீனி, இனிமே படப்பெட்டியோட வர்ற கதைக் காயிதத்த யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிச்சுக் கேட்டுட்டுச் சொல்லுப்பா. கொட்டகை மானம் போகுது" என்றார். யாரிடம் கேட்பது என்றும் அவரே சொன்னார். பஜாரில் மார்த்தா ஸ்டோர் வைத்திருக்கிற ஏசுதாசன் நாடாருடைய மகள் ஜெபராணி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணம் ஆகாதவள்.

கடைசியில் சொன்ன விஷயத்தை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. மொக்கம்மாள் மதினி சொன்னாள்.

வந்த படமும் கவ்பாய் படம். ஒரு ஊரில் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பையனுக்கு நட்சத்திரத்தைக் குத்தி விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கியைத் தொட்டாலே அவன் கை நடுங்கும். அந்த ஊருக்குக் குதிரை விற்க ஒரு பெரியவர் வருகிறார். அவரும் ஒருகாலத்தில் நட்சத்திரம் குத்தியிருந்தவர்தான். என்னவோ மனசு விட்டுப்போய்க் கழற்றி எறிந்தவர். அவர் இந்தப் பையனுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறார். அந்த ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஒரு விதவை. பெரியவருக்கு அங்கேதான் சாப்பாடு. கடைசியில் பையன் தைரியம் வந்து எதிரியை மடக்கிவிடுகிறான். பெரியவர் குதிரை ஏறிப் போய்விடுகிறார். கதை இவ்வளவுதான்.

முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முனகினார். நானே போய் நின்றேன்.

"இந்தப் படத்துல பவுனு என்னங்க சொல்லுவா?"

"அதெல்லாம் காயிதத்துல இருக்கு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மண்டியிலிருந்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார் என்று தெரிந்ததும் எனக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. பெருங்காயம் வாங்குகிற சாக்கில் மார்த்தா ஸ்டோருக்குப் போனேன். கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. கதவு திறந்தே கிடந்தது. ஏசுதாசன் நாடார் ஒரு ஓரத்தில் புளி நிறுத்துக்கொண்டிருந்தார். இவர் ஒரு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவள். கஞ்சி போட்ட சேலை, கையில் கடிகாரம். பக்கத்தில் காலியான காப்பி டம்ளர். எங்கள் வீட்டில் காப்பி என்றாலே, "பித்தம் புள்ள, எனக்கு ஆகாது" என்கிற மனுஷன்.

"இங்கன அவ கெஞ்சக் கூடாது அண்ணாச்சி. மரியாதையாக் கேக்கணும். 'தயவு செய்து சற்று நேரம் தங்கிச் செல்லுங்கள்.' சொல்லுங்க பாப்பம்."

"தயவு செய்து சற்று நேரம் தங்கிச் செல்லுங்கள்" என்றார் இவர்.

எனக்குக் காந்தல் எடுத்தது. எனக்குத் தாலி கட்டின நாளிலிருந்து ஒரு நாள், ஒரு பொழுது, என்னைப் பார்த்துத் தயவு செய்து என்று சொன்னவரா? 'ஏ புள்ள, தண்ணி' என்பதுதான் எனக்கு வாய்த்த மரியாதை. அண்ணாச்சியாம் அண்ணாச்சி! அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பெருங்காயத்தை வாங்காமலே திரும்பினேன்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை. வீம்பு. போய்விட்டு வந்த மொக்கம்மாள் மதினி வாசலிலேயே நின்று கையை விரித்தாள்.

"ஏண்டி, இந்தப் படத்துல நீ இல்லையே?"

"என்ன மதினி சொல்றீக?"

"வெள்ளக்காரிக்குப் பேரு மார்த்தாவாம். மார்த்தா மார்த்தான்னு வாய் நெறையச் சொல்றான் ஒம் புருசன்."

அடி ஆத்தி! மார்த்தா யார் என்று அல்லிநகரத்தில் ஒரு பச்சைப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஏசுதாசன் நாடாருடைய செத்துப்போன சம்சாரம். ஜெபராணியைப் பெற்றவள். கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர்தான். ஆக, ஒரு டம்ளர் காப்பிக்கு என் பெயரை எடுத்துவிட்டு அவள் வீட்டுப் பெயரை வைத்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு இல்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அதிலும் எனக்குக் கோபம்.

"அந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சு?"

"எந்தப் பேரு?"

"மார்த்தா. கடைப் பலகையப் பாத்து வச்சீகளா, இல்ல அவ வைக்கச் சொன்னாளா?"

சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். "கூறுகெட்டவளே, அது படத்துலயே உள்ள பேரு. காயிதத்துல இருக்கு. மார்த்தாங்கிறது அவுக வேதத்துல வர்ற பேராம். வெள்ளக்காரிக வைப்பாகளாம்."

"இத்தன படத்துலயும் காயிதம் வந்துச்சுல்ல? அதுல எல்லாம் பவுனுன்னா எழுதியிருந்துச்சு?"

"அப்ப நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன். ஊரு சிரிச்சுச்சு. டீச்சர் சொல்றாக, உள்ளத உள்ளபடிச் சொல்லணும், பொய்யச் சொல்லி நாலு பேர ஏமாத்தக் கூடாதுன்னு."

"அப்ப நான் பொய்யா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது படத்துப் பெயர்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோஜனம்? நான் போனது போனதுதானே?

ஊரில் இந்தப் படத்தைப் பற்றி இரண்டு கட்சி ஆகிவிட்டது. கொட்டகைக்கு எதிரே நல்லகண்ணுவின் டீக்கடை. காலையில் பால் வாங்கப் போனால் அங்கே பஞ்சாயத்து நடக்கிறது.

"இப்பத்தான்யா ஒரு படம் படமாப் புரியுது" என்றார் ஒருவர்.

"என்னத்தப் புரிஞ்சுச்சு?" என்று நல்லகண்ணு டீயை ஆற்றிக்கொண்டே கத்தினான். "அந்தப் பெரிய மனுசன் சுட்டா நூறு தப்படிக்கு அங்கிட்டு இருக்கிற போத்தல் செதறுது. பின்ன அவனே எதிரியச் சுட்டுட்டுப் போக வேண்டியதுதான? கை நடுங்கிற பயல முன்னால விட்டுட்டு, இவன் படிக்கட்டுல ஒக்காந்து சுருட்டுக் குடிக்கிறான். இவன் என்ன பெரிய மனுசன்?"

"ஏலே நல்லகண்ணு, ஒனக்குக் கூறு இல்ல. இவன் சுட்டுட்டுப் போயிட்டா, நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அந்தப் பயல் அப்ப யாரத் தேடிப் போவான்?"

"அப்பச் சொல்லிக்குடுத்தவன் கூடவே இருக்கணும். பாதியில போறவன் எதுக்குச் சொல்லிக்குடுக்கணும்?"

"படம் நல்லாத்தான் இருக்கு. சீனி கதை சொல்றதுதான் பள்ளிக்கூடத்துல ஒக்காந்த மாதிரி இருக்கு. தயவு செய்து, தயவு செய்துன்னு" என்றார் இன்னொருத்தர்.

பால் சொம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் நெஞ்சில் முடிந்துகொண்டு வந்தேன். குழாயடியில் பெண்கள் பெரியவரையும் பேசவில்லை, பையனையும் பேசவில்லை. சோத்துக்கடைக்காரியைப் பற்றித்தான் பேச்சு. அவளுக்கு அவர்மேல் ஆசை உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மொக்கம்மாள் மதினி, "அவ வாயில்லாப் பூச்சிடி" என்றாள். எனக்கு அந்தப் பையன்மேல்தான் ஆத்திரம். வேளா வேளைக்குச் சோறு போட்டவள் ஒருத்தி இருக்க, இந்தப் பெரியவர் விடிந்தால் பொழுது சாய்ந்தால் அவனையே கட்டிக்கொண்டு திரிகிறார். சோறு போடுகிறவளுக்கு ஒரு சொல் இல்லை. அவள் எப்படித்தான் பொறுத்தாளோ, நான் பொறுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம் கடைசி ஆட்டம். அதற்குப் போனேன். என் புருஷன் என்ன சொல்கிறார் என்று நானே கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். மொக்கம்மாள் மதினி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். வெளிச்சம் வராமல் வாசலில் கறுப்புத் திரையை இழுத்துவிடப் போகிற நேரத்தில் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, வேதப்புத்தகப் பையோடு ஒருத்தி உள்ளே வந்தாள். ஜெபராணி. கோயில் விட்டு நேரே வந்திருக்கிறாள். சினிமா பார்ப்பது அவர்கள் சபையில் ஆகாது. உபதேசியார் கண்டால் பிரசங்கத்திலேயே பெயரைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவள், ஆகாத இடத்துக்கு, முக்காடு போட்டு வருகிறாள் என்றால் எதற்கு?

இடம் இல்லாமல் தயங்கி நின்றவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அண்ணாச்சி வீட்டுலதான?" என்று சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "நான் கொட்டகைக்கு வர்றது இதான் மொதத் தடவ. காயிதத்துல படிச்சது எப்படி இருக்கும்னு ஆச வந்துருச்சு."

"வரும், வரும்" என்றேன்.

படம் ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இவர் குரல். என்ன மாதிரி குரல் தெரியுமா? தண்டோராப் போடுகிற தொண்டையை ஒரு சந்தனக் கிண்ணத்தில் முக்கி எடுத்தாற்போல. "மார்த்தா உணவு பரிமாறுகிறாள். 'இன்றைக்கு ரொட்டி சற்றுக் கருகிவிட்டது, மன்னியுங்கள்' என்கிறாள்." நான் பக்கத்தில் பார்த்தேன். ஜெபராணி உதடு அசைந்தது. இவர் சொல்லுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அந்த வார்த்தைகளை அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இந்தக் கொட்டகையில் அப்படி உதட்டை அசைத்தவள் நான். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் வயிறு பற்றி எரிந்தது. அணைக்க வைகை அணைத் தண்ணீர் மொத்தமும் காணாது.

பையன் எதிரியை மடக்கினான். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெரியவர் குதிரைக்குச் சேணம் கட்டினார். சாப்பாட்டுக் கடை வாசலில் மார்த்தா வந்து நின்றாள். கையில் துணியில் கட்டின பொட்டலம். அவள் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரும் திறக்கவில்லை. இந்த மாதிரி இடத்தை இவர் ஒருநாளும் சும்மா விட்டது கிடையாது. வெள்ளைக்காரி வாய் மூடியிருந்தாலும் இவர் பேசவைத்துவிடுவார்.

"இங்கன ஒண்ணும் சொல்லாதீகன்னு நாந்தான் சொன்னேன்" என்று ஜெபராணி என் காதில் கிசுகிசுத்தாள். "இங்கன பேசாம இருக்கிறதுதான் அழகு."

அழகா? சோறு போட்டவள் வாயைத் தைத்துக்கொண்டு நிற்பது அழகா?

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மண்டிக்காரன் பெண்டாட்டிக்கும் தொண்டை உண்டு.

"தின்ன வீட்டுல சொல்லிட்டுப் போகக்கூடத் தெரியாதா ஒங்களுக்கு?"

கொட்டகை ஒரு கணம் திடுக்கிட்டது. பிறகு ஆண்கள் பக்கமிருந்து நல்லகண்ணு, "ஏலே, வெள்ளக்காரி பேசிட்டாடா!" என்று கத்தினான். சிரிப்பும் விசிலும் கூரைத் தகரத்தைத் தூக்கின. நான் நிறுத்தவில்லை.

"அந்தப் பயலுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் குடுத்தீக. எனக்கு என்ன குடுத்தீக? கருகின ரொட்டின்னா எம்மேல எறிஞ்சுட்டுப் போங்க, வாங்கிக்கிறேன். மன்னியுங்கள்னு என்னயச் சொல்ல வைக்காதீக! இத்தன நாளு என்னய ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்ட வாய்தான அது? இப்ப எந்தச் சந்தையில போயி அந்தப் பேர வித்தீக?"

சிரிப்பு மெல்ல அடங்கிவிட்டது. இது படத்துப் பேச்சு இல்லை என்று பெண்கள் பக்கம் முதலில் விளங்கிக்கொண்டது. மொக்கம்மாள் மதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருடி, கூறுகெட்டவளே." சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஊர் முன்னால் புருஷனைக் கேள்வி கேட்டுவிட்டேன். இனி அவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்றால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

திரையில் பெரியவர் குதிரை ஏறிவிட்டார். குதிரை கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். திரும்பி, வாசலில் நிற்கிறவளைப் பார்த்தார். அவருடைய பெரிய முகம் திரை முழுக்க வந்தது. அவர் வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அது தெளிவாகக் கேட்டது.

"மார்த்தா."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு அந்த மண்டித் தொண்டை, சந்தனமும் இல்லாமல், தயவு செய்தும் இல்லாமல், பழைய தொண்டை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கதையைச் சொன்னது.

"'ஏ பவுனு'ங்கிறாரு."

தகரம் பிய்த்துக்கொண்டு போனது. விசில், கைதட்டல், நல்லகண்ணுவின் ஊளை. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெபராணி என் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க, அவரு மார்த்தான்னுதான சொன்னாரு?"

"டீச்சரம்மா, ஒங்களுக்கு இங்கிலீசு தெரியாது" என்றேன். "பேசாமப் படத்தப் பாருங்க."